நாலு கிலோ முந்நூறு கிராம்

"உங்க வீட்டுக் குப்பை எங்கம்மா?"

நெதெல்காவிடம் அதுவரை எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஏன் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டாய், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சந்தே காலியாகி எல்லாரும் ஜெர்மனிக்குப் போன பிறகும் நீ மட்டும் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய். எதற்கும் அவள் பதில் சொன்னதில்லை. கேட்கிறவர்களின் ஷூவைப் பார்த்தபடி நிற்பாள். கொஞ்ச நேரத்தில் அவர்களே ஒரு பதிலைத் தயார் செய்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முப்பத்தொன்பது வயது வரைக்கும் இந்த முறை அவளுக்கு நன்றாகவே வேலை செய்தது.

ஆனால் குப்பை எங்கே என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை.

கேட்டவர் பெயர் ஸ்பிரிதோன். கரி ஆபீஸின் ஆய்வாளர். பளபளவென்று தேய்த்த கறுப்பு ஷூ. இடது ஷூவில் நாடாவுக்குப் பதிலாகச் சணல். கையில் ஒரு தராசு, கழுத்தில் ஒரு அடையாள அட்டை. வாசலில் நின்ற நீலத் தொட்டியின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு, கோழிக்கூண்டில் முட்டை தேடுகிறவரைப் போல மூலை மூலையாகப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏழு வாரமா தொட்டி காலி. ஒரு தோல்கூட இல்ல. சாப்பிடறீங்களா இல்லையா?"

"சாப்பிடறேங்க."

"தோலு?"

"கோழிக்கு."

"காய்ஞ்ச ரொட்டி?"

"பக்கத்து வீட்டுப் பன்னிக்கு. சொன்கோ அண்ணன் வீட்டுது."

"தயிர் டப்பா?"

"அதுல தக்காளி நாத்து விடுவேன்."

"பேப்பர்?"

"அடுப்புப் பத்தவைக்க."

"கிழிஞ்ச துணி?"

நெதெல்கா அவர் காலடியைக் காட்டினாள். அவர் நின்றுகொண்டிருந்த கால்மிதி அவளுடைய மூன்று பழைய பாவாடைகள். ஸ்பிரிதோன் சட்டென்று நகர்ந்து நின்றார்.

"கண்ணாடி பாட்டிலு?"

இந்தக் கேள்விக்கு அவள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். செப்டம்பர் மாதம். சிவோதோல் ஊரே முற்றத்தில் தகரம் போட்டுச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்துக்கு ஒரு வீட்டில் எழுபது பாட்டிலாவது ஊறுகாய் போட்டு வைக்க வேண்டும். இந்த மாதத்தில் கண்ணாடி பாட்டிலை யாராவது தூக்கிப் போடுவார்களா என்று கேட்கிற ஆளுக்குத் தாய் தகப்பன் இருந்தார்களா என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஸ்பிரிதோனுக்கும் தாய் தகப்பன் இருந்தார்கள். அவர் வெட்கப்பட்டு, தாளில் ஏதோ எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்.

"குப்பை இல்லை. ஆகவே ஆள் இல்லை."

"நான் இருக்கேனேங்க."

"அது எனக்குத் தெரியும்மா. தொட்டிக்குத் தெரியணுமே."

*

கரி ஆபீஸின் முழுப்பெயர் 'வீட்டுக் குப்பையிலிருந்து உயர்மதிப்புக் கார்பன் பொருட்களை உருவாக்கும் தேசிய முன்னோடி நிறுவனம்'. பழைய சர்க்கரை ஆலைக் கட்டடத்துக்கு நீலச் சாயம் அடித்து ஆறு வருடத்துக்கு முன்னால் திறந்தார்கள். அடிக்கல்லுக்கு ஒரு ரிப்பன், உலைக்கு ஒரு ரிப்பன், வெட்டிய ரிப்பன்களைப் பாதுகாக்கும் அறைக்கு ஒரு ரிப்பன் என்று மூன்று முறை வெட்டினார்கள். உலை மூன்று லாரிகளில் வெளிநாட்டிலிருந்து வந்தது. காற்றுப் புகாமல் மூடி, எண்ணூறு டிகிரி சூட்டில் வாட்டினால், உள்ளே போட்ட குப்பை தங்கத்துக்கு நிகரான கரியாகி வெளியே வரும் என்றார்கள். அந்தக் கரி தண்ணீரைச் சுத்தம் செய்யும், மின்கலத்துக்குள் போகும், விமானத்தின் இறக்கைக்குப் போகும், கொஞ்சம் மிஞ்சினால் விண்வெளிக்கும் போகும்.

ஆறு வருடமாக உலை பற்றவைக்கப்படவில்லை. காரணம் எளியது. உலையோடு வந்த கையேட்டில், 'நிலையான வீட்டுக் குப்பை' கொண்டு மட்டுமே முதல் முறை இயக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நிலையான குப்பை என்றால் என்ன என்பதற்கு அட்டவணை இருந்தது: வாழைப்பழத் தோல் நூற்றுக்குப் பதினொன்று, இறால் ஓடு மூன்று, பாதி கடித்த பீட்சா ஒன்பது, இப்படி. யாரோ ஏதோ பெரிய நகரத்தின் தொட்டியைக் கவிழ்த்து எண்ணியிருக்கிறார்கள். சிவோதோலில் இறாலைக் கண்ணால் பார்த்த ஒரே மனிதர் பல் டாக்டர்.

ஆகவே நிறுவனம் உலையை விட்டுவிட்டு ஊரைத் திருத்தும் வேலையில் இறங்கியது. நாலாயிரம் பேர் உள்ள ஊருக்கு ஒன்பதாயிரம் நீலத் தொட்டிகள் வந்தன. ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு தராசு, ஒரு கண், ஒரு பெண் குரல். சரியான குப்பை விழுந்தால் குரல் "நன்றி, அன்பான குடும்பமே!" என்று சொல்லும். தவறானது விழுந்தால் "இது குப்பை அல்ல" என்று சொல்லி மூடியைத் திறந்து அதை வெளியே தள்ளும். பிறகு விதி பதினேழு வந்தது: வாரத்துக்கு நாலு கிலோ முந்நூறு கிராம் குப்பை போடாத வீடு ஆளில்லாத வீடு. ஆளில்லாத வீடுகள் நிறுவனத்துக்குச் சேரும். அவற்றில் என்ன வைப்பார்கள் என்றால், மிச்சமிருக்கும் ஐயாயிரம் தொட்டிகளை வைப்பார்கள்.

நெதெல்காவின் சந்தில் பதினோரு வீடுகள். ஒன்பது ஏற்கெனவே தொட்டிகளால் நிரம்பிவிட்டன. மாலையில் நடந்தால் சன்னல் சன்னலாக நீல மூடிகள் எட்டிப் பார்க்கும். பாக்கி இரண்டு. ஒன்று சொன்கோ அண்ணன் வீடு. இன்னொன்று அவளுடையது. அக்டோபர் பத்தாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒரு வாரத்துக்காவது முழு எடை விழவில்லை என்றால் பூட்டுப் போடுவோம் என்று ஸ்பிரிதோன் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் விரல் தைத்து வாங்கிய வீடு அது. இரண்டு அறை, ஒரு அடுப்பு, ஒரு பிளம்ஸ் மரம். வேறு ஒன்றும் அவளுக்கு இந்த உலகத்தில் இல்லை.

*

மறுநாள் அவள் கரி ஆபீஸுக்குப் போனாள். மூன்றாம் சன்னலில் ஒரு அம்மாள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். ஓட்டை ஒவ்வொன்றாகத் தன் கைப்பையில் போட்டார்.

"நான் அந்த வீட்டுலதாங்க இருக்கேன்," என்றாள் நெதெல்கா சன்னல் விளிம்பைப் பார்த்து.

"இருங்க. யாரு வேணாங்கறா? இருக்கறதுக்குச் சீட்டு இருக்கா?"

"எந்தச் சீட்டு?"

"தொட்டி குடுக்குற சீட்டு. குப்பை போட்டா வரும்."

"குப்பை இல்லேங்க. ஆனா நானே நேர்ல வந்திருக்கேனே."

"அடடா, நேர்ல வர்றது பெரிய காரியமா? நேர்ல யாரு வேணா வரலாம்." அந்த அம்மாள் இன்னொரு ஓட்டைக் கைப்பையில் போட்டார்.

"அந்த ஓட்டை நீங்க தொட்டியில போடலியா?" என்று நெதெல்கா கேட்டுவிட்டாள். கேட்டதும் அவளுக்கே பயமாகிவிட்டது.

"பைத்தியமா? வீட்டுல அடுப்புக்கு ஆகும்ல?"

அப்போது நடையில் ஆட்கள் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. நிறுவனத்தின் இயக்குநர், பொறியாளர் பலாபானோவ், வந்துகொண்டிருந்தார். அந்த ஊரில் பொறியாளர் பட்டம் பெற்றவரைப் பெயருக்கு முன்னால் அதைச் சொல்லாமல் கூப்பிட்டால் திரும்பமாட்டார். பலாபானோவின் மனைவியே அவரைச் சாப்பிட அப்படித்தான் கூப்பிடுவதாகப் பேச்சு. எதிரே மூன்று பேருக்கு மேல் நின்றால் அவர் உரையாற்றிவிடுவார். அன்று நடையில் நாலு பேர் நின்றார்கள்.

"இந்த ஆறு வருஷத்துல ஒரு கிலோ கரிகூடத் தயாரிக்கலைன்னு சிலர் பேசறாங்க," என்று தொடங்கினார். "அது பொறாமை. தயாரிக்கிறதுக்கு முன்னால செய்யவேண்டிய எல்லாத்தையும் நாம செஞ்சு முடிச்சாச்சு. நாப்பத்து மூணு பேரை வேலைக்கு எடுத்தாச்சு. நாப்பத்து மூணு பேருக்கும் உதவியாளர் எடுத்தாச்சு. மணத்துறை, மணமின்மைத் துறை ரெண்டையும் பிரிச்சாச்சு. தயாரிக்கிறது ஒண்ணுதான் பாக்கி. அது கடைசியில வர்ற சின்ன வேலை. அதுக்கா இத்தனை அவசரம்?"

கைதட்டினார்கள். நடையின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த ஒரு கசங்கிய தாளை அவர் நெதெல்காவுக்குக் காட்டினார். திறப்பு விழாவில் மந்திரி கசக்கிப் போட்டது. கீழே பித்தளைத் தகட்டில் 'நிறுவனத்தின் முதல் குப்பை' என்று எழுதியிருந்தது. உலைக்கு ஏற்ற இரண்டாவது இன்னும் வரவில்லை.

"உங்க குறை என்னம்மா?"

அவள் சொன்னாள்.

"அம்மா, தொட்டி தப்பே பண்ணாது," என்றார் அவர் கனிவாக. "மனுஷன் பொய் சொல்லுவான். தொட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அது ஆள் இருக்குன்னா இருக்கு. இல்லேன்னா நீங்க என்ன, நான் வந்து அந்த வீட்டுல உக்காந்தாலும் ஆள் இல்ல."

கையோடு அவளுக்கு ஒரு புத்தகமும் கொடுத்தார். நிறுவனத்தின் ஆறாண்டு அறிக்கை. வழவழப்பான தாள், எல்லாப் பக்கமும் வண்ணப்படம், எல்லாப் படத்திலும் அவர். இரண்டு கிலோ நூற்றைம்பது கிராம் எடை. வீட்டுக்கு வருவதற்குள் அவளுக்குத் தோள் இறங்கிவிட்டது.

கொடுத்த பொருளை வீணாக்கக் கூடாது என்று அவள் அந்த அறிக்கையை எதற்காவது பயன்படுத்தப் பார்த்தாள். அடுப்பில் வைத்தாள், பற்றவில்லை, உப்பி நாறியது. பாலாடைக்கட்டியைச் சுற்றினாள், கட்டியின் மேல் பொறியாளரின் மீசை ஒட்டிக்கொண்டது. கோழிக்கூண்டில் விரித்தாள், கோழிகள் வெளியே வந்து நின்றன. மிளகாய் ஊறுகாய்ப் பீப்பாயின் மேல் கல்லுக்குப் பதிலாகப் பாரம் வைத்தாள். உப்புத் தண்ணீர் நீலமாகிவிட்டது. கடைசியில் துடைத்து விறகுக் கொட்டகையில் போட்டாள். அந்த வீட்டுக்குள் வந்த பொருட்களில் வேலைக்கு ஆகாமல் போனது அது ஒன்றுதான். அதற்காக அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

*

குப்பை போட முடிவு செய்தாள். அது நினைத்த மாதிரி இல்லை.

முதலில் ஒரு கண்ணாடி பாட்டில். மூடியோடு தொட்டியில் வைத்தாள். "நன்றி, அன்பான குடும்பமே!" அரைமணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மேல்தெரு ரூஸ்கா அக்கா, பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். ரூஸ்காவின் கையில் பாட்டில். கழுவித் துடைத்திருந்தது.

"அடியே நெதெல்கா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? பாட்டில் தொட்டிக்குள்ள கிடக்கு!"

"நான்தான் போட்டேன் அக்கா."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூஸ்கா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு பாட்டிலை மேஜையில் வைத்து, அது தனியாக இருப்பது நன்றாக இல்லை என்று இன்னொரு பாட்டிலையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் ஒரு பழைய மேல்கோட்டைப் போட்டாள். சாயங்காலம் அது திரும்பி வந்தது. கிழிந்த கையைத் தைத்து, இல்லாத இரண்டு பொத்தானை வைத்திருந்தார்கள். ஒரு ஜோடி செருப்புப் போட்டாள். அடிப்பாகம் ஒட்டி வந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கடையில் வாழைப்பழம் வாங்கித் தின்று, தோலைப் போட்டாள். காலையில் சொன்கோ அண்ணன் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தார்.

"அண்ணே, அது என் குப்பை!"

"குப்பையா? என் பன்னி இதுவரைக்கும் வாழைப்பழத் தோலே தின்னதில்ல தெரியுமா? பொறந்ததுல இருந்து மிளகாய்க் காம்பு. அதுக்கும் ஆசை இருக்காதா?"

எடுத்தால் எடை குறைந்துவிடும். தொட்டி சோகமாக "மீண்டும் சந்திப்போம்" என்றது.

விஷயம் தெரிந்ததும் சொன்கோ அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. நாலு கிலோ முந்நூறு தானே என்று தோட்டத்துக் கல் ஒன்றைத் தூக்கி வந்து போட்டார். "இது குப்பை அல்ல." கல்லை அவர் காலிலேயே உருட்டிவிட்டது. விறகுக் கட்டையைப் போட்டார். "இது குப்பை அல்ல. இது வளம்." அவர் வீட்டில் மட்டும் குப்பைக்குக் குறைவில்லை. மகள் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தையின் டயபர் வாரத்துக்கு ஒன்பது கிலோ. நிறுவனம் அந்தக் குழந்தைக்குப் பாராட்டுப் பத்திரம் அனுப்பியிருந்தது.

"ரெண்டு நாள் டயபர் உனக்குத் தர்றேன். போட்டுக்கோ."

"வேணாம்ணே."

"வெக்கப்படாத. ஊரே வந்து கேக்குது. பல் டாக்டருக்கே இல்லேன்னுட்டேன்."

தொட்டி அதையும் ஏற்கவில்லை. "இந்த வீட்டில் குழந்தை பதிவாகவில்லை. பிறந்திருந்தால் வாழ்த்துகள்," என்றது.

நிறுவனமே மூன்றாம் சன்னலில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த நிலையான குப்பையைப் பை பையாக விற்கத் தொடங்கியது. ஒரு பை ஒரு வாத்துக்கு மேல் விலை. வாங்கினவர்கள் அதையும் தொட்டியில் போடவில்லை. நல்ல பை, உள்ளே நல்ல டப்பாக்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

*

அக்டோபர் ஏழாம் தேதி ஸ்பிரிதோன் மறுபடியும் வந்தார். நெதெல்கா அடுப்படியில் இருந்தாள். அடுப்புக்குள் ஒரு பழைய பெயிண்ட் டின். மூடியை அடித்து இறுக்கி, நடுவில் ஆணியால் ஒரு ஓட்டை. ஓட்டையிலிருந்து நீலச் சுடர் ஒன்று விசில் போல வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா அது?"

"பிளம்ஸ் கொட்டைங்க. ஜாம் பண்ணினது, சொன்கோ அண்ணன் சாராயம் காய்ச்சினது, எல்லாத்துக் கொட்டையும்."

"உள்ள என்ன ஆகுது?"

"காத்துப் புகாம வெந்தா கரியாயிடும். அந்தச் சுடர் அடங்கினா ஆயிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு கெட்டில் ஆவியைக் குழாய் வெச்சு உள்ள விடுவேன். கரி பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா ஆயிடும். சாராயத்தை அது வழியா விட்டா நாத்தம் போயிடும். கிணத்துத் தண்ணியும் சுத்தமாகும்."

வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் பேசிய அதிகபட்சம் அதுதான். ஸ்பிரிதோன் ஆறின டின் ஒன்றைத் திறந்து, ஒரு சிட்டிகை கரியை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். கையை மெதுவாக மூடிக்கொண்டார்.

"எத்தனை வருஷமா செய்யறீங்க?"

"சின்ன வயசுல இருந்து. இங்க எல்லாரும் செய்வாங்க."

"உலை?"

"பெயிண்ட் டின்னுங்க."

அவர் பாவப்பட்ட மனிதர். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிற பழக்கம். அதனால்தான் பதினைந்து வருடமாக ஆய்வாளராகவே இருந்தார். அன்று எழுதியதை அவர் படித்துக் காட்டவில்லை.

மறுநாள் பொறியாளர் பலாபானோவே காரில் வந்து இறங்கினார். தனியாக வந்தார். எதிரே ஒரே ஒரு ஆள் இருந்ததால் உரையாற்றவில்லை. கெஞ்சினார்.

"அம்மா, பத்தாம் தேதி தலைநகர்லேருந்து ஆணையம் வருது. ஆறு வருஷம் ஆச்சு, ஒரு டம்ளர் கரியாவது கண்ணால பாக்கணும்னு அடம் பிடிக்கறாங்க. படிச்சவங்க, ஆனா நுட்பம் தெரியாதவங்க. உங்க டின்..."

"அது சொன்கோ அண்ணனுக்குச் சொல்லி வெச்சதுங்க."

"வீடு உங்களுக்கு வேணும்ல?"

அவள் அவர் ஷூவைப் பார்த்தாள். புது ஷூ. நாடாவில் முடிச்சுக்கூட இன்னும் அழுக்காகவில்லை. டின்னை எடுத்துக் கொடுத்தாள். "வீட்டை நான் பாத்துக்கறேன்," என்றார் அவர். சொன்னபடியே பார்த்துக்கொள்ளவும் செய்தார்.

*

பத்தாம் தேதி காலை பதினோரு மணிக்குச் சந்துக்குள் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் வந்துவிட்டன. பின்னாலேயே தொட்டிகள் ஏற்றிய ஒரு லாரியும் வந்து, நெதெல்காவின் படலை ஒட்டி நின்றது. படலில் ஒரு ரிப்பன் கட்டினார்கள். அவள் தன் வீட்டுக்குள் போக ரிப்பனுக்கு அடியில் குனிய வேண்டியிருந்தது.

வெல்வெட் மெத்தை மேல் பெயிண்ட் டின் உட்கார்ந்திருந்தது. ஆணையத்தின் தலைவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு அம்மாள், ஒரு கிளாஸ் பீட்ரூட் சாற்றில் இரண்டு கரண்டி கரியைப் போட்டுக் கலக்கி வடிகட்டினார். சாறு தண்ணீர் மாதிரித் தெளிந்து வந்தது.

"இந்த மாதிரிக் கரியை நான் ரெண்டு நாட்டுலதான் பாத்திருக்கேன்," என்றார் அந்த அம்மாள். "எந்தக் குப்பையிலேருந்து எடுத்தீங்க?"

பலாபானோவ் ஒலிபெருக்கிக்கு வந்தார். நெதெல்கா மூன்றாவது வரிசையில், அவர் தன் பெயரைச் சொல்லப்போகிறார் என்று காத்து நின்றாள்.

"அதுலதான் எங்க சாதனை இருக்கு. உலகத்துல எல்லாரும் குப்பையிலேருந்து கார்பன் எடுக்கறாங்க. நாங்க குப்பையே இல்லாத வீட்டிலேருந்து எடுத்திருக்கோம்! இதோ இந்த வீடு. பதினோரு வாரம் தொட்டியில ஒரு கிராம்கூட விழல. ஆவணம் இருக்கு. ஆளில்லாத வீடு, குப்பையில்லாத வீடு, அதுலேருந்து இந்தக் கரி. இந்த வீடு சரியாப் பன்னிரண்டு மணிக்கு எங்க பத்தாவது கிடங்கா ஆகுது."

"யோவ்! அந்தப் பொண்ணு இங்கதான்யா நிக்கறா!" என்று சொன்கோ அண்ணன் கத்தினார்.

"பொதுமக்கள் பிரதிநிதியா வந்திருக்காங்க. வரவேற்கிறோம்," என்றார் பலாபானோவ்.

நெதெல்கா அவர் அருகில் போனாள். காலடியைப் பார்த்தபடியே கேட்டாள். "பாத்துக்கறேன்னு சொன்னீங்களே."

அவர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு, நல்ல மனதோடு விளக்கினார். "யோசிங்கம்மா. இந்த வீட்டுல ஆள் இருந்தா, இந்தக் கரி ஒரு பொம்பளையோட அடுப்படியில வந்ததாயிடும். ஆள் இல்லேன்னாத்தான் அது விஞ்ஞானத்துல வந்தது. நாட்டுக்கு எது நல்லது? நீங்களே சொல்லுங்க."

மணி பதினொன்று நாற்பது.

வந்தவர்களுக்கெல்லாம் ஆறாண்டு அறிக்கை வழங்கினார்கள். நெதெல்காவின் கையிலும் ஒன்று வந்து விழுந்தது. லாரிக்காரன் முதல் தொட்டியை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு பூட்டுக்காகக் காத்திருந்தான். பக்கத்தில் ரூஸ்கா அக்காவும் அந்தப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை என்னடி பண்றது? போன தடவை குடுத்ததையே அடுப்புல வெச்சேன், எரிய மாட்டேங்குது."

"பாலாடைக்கட்டியைச் சுத்தினா மை ஒட்டுது," என்றாள் இரண்டாமவள்.

"எங்க வீட்டு ஆடு மோந்து பாத்துட்டுத் தும்முச்சு," என்றாள் மூன்றாமவள்.

நெதெல்கா கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். எடை பார்க்கிற மாதிரி ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். பிறகு ரிப்பனுக்கு அடியில் குனிந்து, விறகுக் கொட்டகைக்குப் போய், உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்த பழைய பிரதியை எடுத்து வந்தாள். இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்ற நீலத் தொட்டியின் மூடியைத் திறந்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாகக் கூசாமல் ஒரு பொருளைத் தூக்கிப் போட்டாள்.

தொட்டி கொஞ்சம் யோசித்தது.

"நன்றி, அன்பான குடும்பமே! இரண்டு கிலோ நூற்றைம்பது கிராம்."

இரண்டாவதையும் போட்டாள்.

"நன்றி, அன்பான குடும்பமே! நாலு கிலோ முந்நூறு கிராம். நிலையான வீட்டுக் குப்பை. இந்த வீட்டில் ஆள் உண்டு. வாழ்க வளமுடன்!"

எல்லாருடைய கண்ணும் ரூஸ்கா அக்கா பக்கம் திரும்பியது. சிவோதோலில் ஒரு ஊசி தொட்டியில் விழுந்தால்கூட எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து கொடுக்கிறவள் அவள். நெதெல்காவின் இரண்டு அறையும் அடுப்பும் மரமும் அப்போது அந்தக் கைகளில் இருந்தன. ரூஸ்கா இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? அதை எடுத்து நான் என்ன பண்ண?"

"அது குப்பை இல்ல!" என்று பலாபானோவ் ஓடி வந்தார். "அது அறிக்கை! ஆறு வருஷ உழைப்பு!"

"தொட்டி ஏத்துக்கிச்சே," என்றார் ஆணையத் தலைவர். "அது தப்பே பண்ணாதுன்னு நீங்கதானே முன்னுரையில எழுதியிருக்கீங்க?"

பலாபானோவின் முகத்தில், இருட்டு அறையில் பல்பு போட்டாற்போல, ஒரு வெளிச்சம் வந்தது. ஓடிப்போய் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! ஆறு வருஷமாத் தேடின நிலையான குப்பை கிடைச்சாச்சு! தொட்டியே சொல்லிடுச்சு! வெளிநாட்டுல தேடினோம், ஊர் ஊராத் தேடினோம், அது எங்க ஆபீஸுக்கே அச்சாகி வந்துகிட்டு இருந்திருக்கு! உடனே ஒன்பதாயிரம் பிரதி அச்சடிக்கறோம். நேரா உலைக்கு! நடுவுல யாரும் படிச்சு நேரத்தை வீணாக்க வேண்டாம்!"

நாற்பத்து மூன்று பேரும் அவர்களுடைய உதவியாளர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அச்சகம் மதியச் சாப்பாட்டுக்கு மூடுவதற்குள் பிடிக்க வேண்டும் என்று பலாபானோவ் காருக்கு ஓடினார். ஆணையத் தலைவர் கரியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். காலி டின்னை யாரும் கவனிக்கவில்லை. லாரிக்காரன் தோளிலிருந்த தொட்டியை மறுபடியும் ஏற்றினான். சொன்கோ அண்ணன் ரிப்பனை வெட்டாமல் அவிழ்த்து, சுருட்டி, மகளுக்கு ஆகும் என்று பையில் வைத்துக்கொண்டார். வெல்வெட் மெத்தையை ரூஸ்கா எடுத்துக்கொண்டாள்.

"என் சாராயத்துக்கு என்னடி வழி?" என்றார் சொன்கோ அண்ணன் போகிறபோது.

"நாளைக்கு ஒரு டின் போடறேன்ணே. கொட்டை கொண்டாங்க."

கடைசியில் வாசலில் ஸ்பிரிதோன் மட்டும் நின்றார். தராசு, தாள், பேனா. கக்கத்தில் அவருக்குக் கொடுத்த ஆறாண்டு அறிக்கை.

நெதெல்கா இந்த முறை அவர் ஷூவைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

"குப்பை எங்கன்னு கேட்டீங்களேங்க," என்றாள். "இதுதான். எங்க வீட்டுல வேற இல்ல."

ஸ்பிரிதோன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தொட்டி நீட்டிய சீட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். தாளில் ஒரு வரியை அடித்து, இன்னொரு வரியை எழுதி, கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். கக்கத்திலிருந்த அறிக்கையைக் கையில் எடுத்து அட்டையை ஒரு முறை பார்த்தார். தொட்டியின் மூடியைத் தூக்கி, சத்தம் வராமல் உள்ளே வைத்தார்.

"நன்றி, அன்பான குடும்பமே!" என்றது தொட்டி.

அவர் படலைச் சாத்திவிட்டு, சணல் கட்டிய ஷூவோடு சந்தில் இறங்கிப் போனார்.